விரல் அப்பளத்துக்கு ஒரு வக்கீல்

அந்தப் பையை மட்டும் மேல வச்சுரும்மா. இந்தக் கட்டு வேணாம், இது எம் மடியிலயே இருக்கட்டும். கேஸ் கட்டு. நீ எது வரைக்கும்? கோவில்பட்டியா? நல்லதாப் போச்சு. நான் சாத்தூர்ல இறங்கிருவேன், அது வரைக்கும் பேச்சுத் துணையாச்சு.

உனக்குக் கல்யாண வயசுல தம்பி இருக்கானா? இருக்கானா! அப்பக் கேட்டுக்க. பொண்ணு டீச்சரா இருக்கலாம், நர்ஸா இருக்கலாம், பேங்க்ல இருக்கலாம். வக்கீல் மட்டும் வேணாம். அதுலயும் வரி வக்கீல் வேணவே வேணாம். நான் பட்டுட்டேன். எம் மருமக வரி வக்கீலு.

கெட்டவள்னு சொல்ல மாட்டேன். பேரு சுபாஷினி. காலையில எந்திரிச்சதும் காப்பி போட்டு மொதல்ல எனக்குத்தான் தருவா. சுகர் மாத்திரையை எடுத்துக் கையில வைப்பா. வாய் நெறைய "அத்தை, அத்தை"தான். ஆனா அந்தக் கறுப்புக் கோட்டை மாட்டிட்டான்னு வையி, அப்புறம் நான் அத்தையே இல்ல. யாரோ ஒரு கட்சிக்காரி. என் சொந்த மாடிப்படியில நான் ஏறிப் போனா, "அப்பாயின்மென்ட் இருக்கா?"ன்னு கேக்க ஒரு ஆள் வச்சிருக்கா. என் மாடிம்மா! நான் நின்னு கட்டுன மாடி! அதுல பெஞ்சு போட்டு, அந்தப் பெஞ்சுல எவனோ ஒரு சிமெண்டுக் கடைக்காரனுக்கும் ஒரு பாத்திரக் கடைக்காரனுக்கும் நடுவுல என்னை உக்கார வச்சாளே, அதை எங்க போய்ச் சொல்ல.

மொதல்ல இருந்து சொல்றேன்.

நாங்க அப்பளக் கம்பெனி. "புஷ்பம் அப்பளம்" பாத்திருப்ப, பெட்டிக் கடையில சரம் சரமாத் தொங்கும். எம் பேரு தங்கபுஷ்பம். எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் வட்ட அப்பளம்தான். அவர் போனதுக்கப்புறம் நான் எடுத்து நடத்தி விரல் அப்பளம் போட்டேன். அதான், குழல் மாதிரி இருக்குமே, பிள்ளைங்க அஞ்சு விரல்லயும் மாட்டிக்கிட்டு ஒண்ணொண்ணாக் கடிக்குமே, அதேதான். பிள்ளைங்க மட்டுமில்ல, கல்யாணப் பந்தியில பெரிய பெரிய ஆம்பளைங்களே அக்கம்பக்கம் பாத்துட்டு விரல்ல மாட்டுறதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

அப்பளத்துக்கு வரி கிடையாது. அது உனக்குத் தெரியுமோ என்னமோ. சேல்ஸ் டாக்ஸ் காலத்துல ஆபீசர் நேர்ல வருவாரு. ஒரு தட்டுல பொரிச்சு வச்சா மொறுக்கு மொறுக்குன்னு கடிச்சுக்கிட்டே "அப்பளம்தாம்மா"ன்னு எழுதிட்டுப் போவாரு. அப்புறம் ஜிஎஸ்டி வந்துச்சு. எல்லாம் கம்ப்யூட்டரு. கம்ப்யூட்டர் அப்பளம் திங்குமா? அது கேள்விதான் கேக்கும்.

போன ஆடி மாசம் கேட்டுருச்சு. நோட்டீஸு. "உங்கள் பொருள் அப்பளம் அல்ல." உளுந்து மாவுல வட்டமா, தட்டையாத் தேச்சாத்தான் அப்பளமாம். இது மெஷின்ல குழலாப் பிழியிறதாம், அதனால வேற என்னமோ நொறுக்குத் தீனியாம், அதுக்கு வரி உண்டாம். அதோட விட்டா பரவாயில்ல. நீங்க தெரிஞ்சே மறைச்சு அரசாங்கத்தை ஏமாத்தினீங்க, அதனால பழைய வருஷம் எல்லாத்துக்கும் சேத்து வரி, வட்டி, அதுக்கு மேல அபராதம்னு இருந்துச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கம்பெனியை வித்தாலும் அது அடையாது. உள்ள வேலை பாக்குறது அம்புட்டும் பொம்பளைங்க. புருசன் இல்லாதது, புருசன் இருந்தும் இல்லாததுன்னு. கதவைச் சாத்துனா அதுக எங்க போகும்?

ஆனா ஒரு தைரியம். வீட்டுலயே வக்கீல் இருக்கே! நான் சும்மாவா கட்டிட்டு வந்தேன்? ஊர்ல அவனவன் பொண்ணு பாக்கப் போனா தோட்டம் எவ்வளவு, கார் என்னன்னு கேக்குறான். நான் கேட்ட ஒரே கேள்வி, "பொண்ணு ஜிஎஸ்டி பாக்குமா?" சம்பந்தகாரர் முழிச்சாரு. "பாக்கும்"னாரு. உடனே தட்டை மாத்திட்டேன்.

நோட்டீஸைக் கொண்டு போய்க் குடுத்தா, இவ என்ன சொல்றா தெரியுமா? "அத்தை, நம்ம வீட்டுக் கேஸை நான் எடுக்குறது நல்லா இருக்காது. வேற நல்ல வக்கீலா நானே பாத்துத் தர்றேன்."

"ஏத்தா?"

"உங்களுக்குப் பிடிக்காததை நான் சொல்ல வேண்டி வரும்."

நான் சிரிச்சுட்டேன். "எனக்குப் பிடிக்காததை நீ தினமும்தான சொல்ற? வத்தல் குழம்புல உப்பைக் குறைங்கன்னு."

அவ சிரிக்கல. எம் மகன் ரத்தினவேலை விட்டுக் கேக்கச் சொன்னேன், நானும் ரெண்டு நாள் மூக்கைச் சிந்தினேன். கடைசியில ஒத்துக்கிட்டா. ஆனா நிபந்தனை போட்டா. கேஸ் பேசணும்னா மாடிக்குத்தான் வரணும், சாப்பிடுற இடத்துல பேசக் கூடாது. கேட்டதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லணும். எதைத் தாக்கல் பண்ணணும், எதைப் பண்ணக் கூடாதுன்னு அவதான் முடிவு பண்ணுவா. பிடிக்கலைன்னா நான் எப்ப வேணும்னாலும் அவளை மாத்திக்கலாம். எல்லாத்துக்கும் தலையாட்டினேன். மருமக போடுற நிபந்தனைதான, நாலு நாள்ல மறந்துருவான்னு நெனச்சேன்.

மறக்கல. பெஞ்சுல உக்கார வச்சு, அந்தச் சிமெண்டுக் கடைக்காரன் போனதுக்கப்புறம் என்னை உள்ள கூப்பிட்டு, "அப்பளம் எப்படிச் செய்றீங்க, சொல்லுங்க"ங்கிறா.

"உனக்குத் தெரியாதாடி? கல்யாணம் ஆன மறுநாளே கம்பெனியைச் சுத்திக் காட்டினேனே!"

"மருமகளாத் தெரியும். வக்கீலுக்கு நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். அரிசி மாவு, கிழங்கு மாவு, மெஷின்ல பிழியிறது, காய வைக்கிறது, எல்லாம். அவ எழுதிக்கிட்டா. எழுதிட்டு நிதானமாச் சொன்னா: "சட்டத்துல அப்பளத்துக்கு, அதை எந்தப் பேர்ல அழைச்சாலும், வரி இல்லைன்னுதான் இருக்கு. கையால செய்யணும், வட்டமா இருக்கணும்னு எங்கயும் இல்ல. அதை வச்சு நான் வாதாடுவேன். ஆனா இப்ப மேல இருந்து வர்ற விளக்கம் எல்லாம் நமக்கு எதிராப் போயிக்கிட்டு இருக்கு. அதுல நாம தோத்தாலும் தோக்கலாம்."

பாத்துக்க! சண்டைக்குப் போகுறதுக்கு முன்னாடியே வக்கீல் வாயில தோக்கலாம்னு வருது!

"நம்ம பலம் வேற இடத்துல இருக்கு"ன்னா. "ஊரே இதை அப்பளம்னுதான் கேட்டு வாங்குது. பழைய ஆபீசருங்களே அப்பளம்னு எழுதியிருக்காங்க. நீங்க எதையும் மறைக்கல, நம்பித்தான் செஞ்சீங்க. அதை விசாரிக்கிற ஆபீசர் ஏத்துக்கிட்டா ஏமாத்துனீங்கங்கிற பேச்சே போயிரும். அபராதம் போயிரும், பழைய வருஷமெல்லாம் போயிரும். கிட்டத்துல உள்ள வருஷங்களுக்கு மட்டும் வரி கட்டினாப் போதும். கம்பெனி பிழைச்சுரும்."

எனக்கு அது எறங்கவே இல்ல. பிழைக்கிறதா பெருசு? ஜெயிக்கணும்ல!

அங்கதான் எங்க ஆடிட்டர் பொன்னுச்சாமியைப் பத்திச் சொல்லணும். தங்கமான மனுசன். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்க்கா"ம்பாரு. வானம் பச்சையா இருக்கேய்யான்னா, "ஆமாக்கா, இப்பத்தான் நானும் பாத்தேன்"ம்பாரு. அப்படி ஒரு ஆள் பக்கத்துல இருந்தா மனசுக்கு எவ்வளவு தெம்பு! நான் அவர்ட்ட சொன்னேன், "ஏய்யா, மெஷின்ல செய்யிறதாலதான இவ்வளவு வம்பு? கையால செய்யிறோம்னு காட்டிட்டா?" "ஆகட்டும்க்கா"ன்னுட்டாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை. மெஷின் மேல பூராம் போர்வையைப் போட்டு மூடியாச்சு. பூரிக் கட்டை, பலகையெல்லாம் சமையல்காரர் வீட்டுல இருந்து வாடகைக்கு எடுத்தாச்சு. நம்ம பொம்பளைங்களை எல்லாம் நல்ல சேலை கட்டி, பூ வச்சு வரச் சொல்லி, வரிசையாச் சம்மணம் போட்டு உக்கார வச்சேன். முன்னாடி உளுந்து மாவு. "தேய்ங்கடி"ன்னேன். அதுகளுக்குத் தேய்க்க வரல. மெஷின் சுவிட்சு போட்டுப் பழகுன கையில்லையா? அதுல மாரிக்கனின்னு ஒருத்தி, மெஷின் ரூமைப் பாக்குறவ, சிரிக்க ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா. அவ தேச்சது இலங்கை மாதிரி வந்துச்சு. அதைப் பாத்துப் பக்கத்துல இருக்கிறவ சிரிக்க, அவளைப் பாத்து இவ சிரிக்க. நான் போட்ட அதட்டுல கொஞ்ச நேரம் வாயை மூடினாங்க, அந்த நேரம் பாத்து ஆடிட்டர் போன்ல படம் எடுத்துட்டாரு. அருமையா வந்திருந்துச்சு. பாத்தாக் கண்ணுல தண்ணி வரும். ஏழைப் பெண்கள் கையால் உழைக்கும் காட்சி.

அதைக் கொண்டு போய் மேசையில வச்சேன். பாராட்டுவான்னு பாத்தா, படத்தை எடுத்துப் பாத்துட்டு, குப்புறக் கவுத்து வச்சா.

"இதை நான் தாக்கல் பண்ண மாட்டேன்."

"ஏன், வெளிச்சம் பத்தலையா?"

"இது பொய்."

"பொய்யை நான்தான சொல்றேன்? நீ சொல்லலையே. கொண்டு போய்க் குடுக்குறது மட்டும்தான உன் வேலை? தபால்காரன் என்ன, கடுதாசியில உள்ளதெல்லாம் நெசமான்னு படிச்சுப் பாத்தா குடுக்குறான்?"

"நான் தபால்காரி இல்ல. உங்களுக்காக எவ்வளவு சண்டை வேணும்னாலும் போடுறேன். ஆனா பொய்ன்னு தெரிஞ்ச ஒண்ணை என் கையால நீட்ட மாட்டேன். அது நீங்க கேட்டாலும் சரி, எங்க அப்பா கேட்டாலும் சரி."

எவ்வளவு திமிரு பாரு! சரி, வீட்டு வழியில பாப்போம்னு சாப்பாட்டை நிறுத்தினேன். ராத்திரி சாப்பிட மாட்டேன், காலையில சாப்பிட மாட்டேன். கம்பெனிக்குப் போய் மாரிக்கனி கொண்டு வர்ற புளியோதரையைச் சாப்பிட்டுக்கிடுவேன், அது வேற. அவ தட்டைக் கொண்டு வந்து வச்சு, "சாப்பிடுங்க அத்தை, மாத்திரை போடணும்ல"ன்னு கெஞ்சுவா. "படத்தைக் குடுப்பியா?"ம்பேன். "அதை மாடியில பேசுவோம்"னுட்டு ரசம் ஊத்துவா. மகனைப் பிடிச்சுச் சத்தம் போட்டேன். அவன் சொல்றான், "அம்மா, அவ அந்தக் கோட்டைப் போட்டுட்டா நானே அவளுக்கு யாரோதான்." சம்பந்தகாரருக்குப் போன் போட்டேன். "எம் பொண்ணு சின்னதுல இருந்தே அப்படித்தாங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. இதைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல?

கடைசியில ஆடிட்டர்தான் வழி சொன்னாரு. அதாவது நான் சொன்னேன், அவர் ஆகட்டும்னாரு. இப்பல்லாம் எதுவா இருந்தாலும் கம்ப்யூட்டர்லதான அனுப்புறது? நம்ம கம்பெனி கணக்கோட பாஸ்வேர்டு அவர்ட்ட இருக்கு. மருமக பதிலை அனுப்பி ஒரு வாரம் கழிச்சு, சத்தமில்லாம அந்தப் படத்தையும் அனுப்பிவிட்டாரு. கீழ "எங்கள் உற்பத்தி முறை"ன்னு ஒரு வரி.

விசாரணை நாள் வந்துச்சு. ஆடிட்டரையும் வரச் சொன்னேன். ஆகட்டும்னாரு. அன்னைக்குப் பாத்து அவர் போன் அணைஞ்சு போச்சு. பாவம், சார்ஜ் இல்ல போல.

கோர்ட்டுன்னா கூண்டு கீண்டெல்லாம் இல்லம்மா. ஒரு ரூமு, ஒரு மேசை, கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயசு ஆபீசர். இவ எந்திரிச்சு ஆரம்பிச்சா பாரு. வீட்டுல "அத்தை, கறிவேப்பிலை இருக்கா"ன்னு மெதுவாக் கேக்குற குரல் இல்ல அது. ஊர் ஊரா எப்படி அப்பளம் வட்டமா இருக்கு, சதுரமா இருக்கு, பூண்டு போட்டு இருக்கு, ஜவ்வரிசியில இருக்குன்னு சொல்லி, "வடிவத்தைச் சட்டம் கேக்கல சார், நாமளாச் சேத்துப் படிக்கக் கூடாது"ங்கிறா. பழைய ஆபீசருங்க எழுதினதை ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிறா. "என் கட்சிக்காரர் எதையும் மறைக்கல. பாக்கெட் மேல கொட்டை எழுத்துல விரல் அப்பளம்னு போட்டு ஊர் பூராவும் வித்திருக்காங்க. ஏமாத்துறவங்க இப்படியா விப்பாங்க?" அந்த ஆபீசர் தலையை ஆட்டி ஆட்டி எழுதுறாரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பெருமையால இல்ல. ஏசி.

அப்புறம் அவர் ஒரு காகிதத்தை எடுத்தாரு. "நீங்க சொல்றதெல்லாம் சரி. மெஷின்ல செய்றோம்னு உங்க பதில்ல இருக்கு. ஆனா இந்தப் படம் வேற மாதிரி இருக்கே?"

மருமக திரும்பி என்னைப் பாத்தா. நான் மின்விசிறியைப் பாத்தேன். ஏசி ரூம்ல மின்விசிறி ஓடவே இல்ல, ஆனாலும் பாத்தேன்.

ஆபீசர் என்னையே கேட்டாரு, "ஏம்மா, கையாலதான் தேய்க்கிறீங்களா?"

"ஆமா சார்"னுட்டேன். வாய் முந்திக்கிச்சு.

"தட்டையாத் தேச்சா, இது எப்படிம்மா குழல் ஆச்சு?"

இது எனக்குத் தோணவே இல்ல பாரு! ஆடிட்டருக்கும் தோணல! ஆனா நான் அசரலையே. "சுருட்டுவோம் சார்"ன்னேன்.

"எதுல?"

"விரல்லதான் சார். அதனாலதான் அதுக்கு அந்தப் பேரே."

அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "எங்க, ஒருக்கா சுருட்டிக் காட்டுறீங்களா? மாவு வரவழைக்கட்டுமா?"

நான் சரின்னுருப்பேன். ஆனா இவ எந்திரிச்சு, "சார், என் கட்சிக்காரரோட அஞ்சு நிமிஷம் பேசணும்"னு அனுமதி வாங்கி, என்னை வராண்டாவுக்குக் கூட்டிட்டு வந்துட்டா.

வந்து நின்னு, "மேடம்"ங்கிறா. மேடமாம்! பெத்த மகன் கட்டின பொண்டாட்டி!

"மேடம், நான் இப்ப உள்ள போய் ரெண்டுல ஒண்ணுதான் சொல்ல முடியும். ஒண்ணு, என் கட்சிக்காரர் அந்தப் படத்தைத் திரும்ப வாங்கிக்கிறாங்கன்னு சொல்லணும். இல்லைன்னா, நான் இந்தக் கேஸ்ல இருந்து விலகிக்கிறேன்னு சொல்லணும். ஏன் விலகுறேன்னு அவர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீங்க எங்கிட்ட சொன்னது எதையும் நான் யார்ட்டயும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனா அந்தப் படத்துக்குப் பக்கத்துல நிக்க மாட்டேன்."

"நீ யாருக்குடி வக்கீல்? எனக்கா, அந்தக் கண்ணாடிக்காரனுக்கா?"

"உங்களுக்குத்தான். அதனாலதான் நிக்க மாட்டேங்கிறேன். நாம ஏமாத்தலைங்கிறதுதான் நம்ம கேஸே. இந்தப் படம் ஒண்ணு போதும், ஏமாத்துறவங்கன்னு அவர் எழுதுறதுக்கு. அப்புறம் பழைய வருஷமெல்லாம் வரும், அபராதம் வரும், கம்பெனி போகும். அந்தப் படத்துல உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

குரல் கணீர்னு இருக்கு. ஆனா நான் பாத்துட்டேன், கோட்டுப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழட்டுறா. வீட்டுக்கு வந்தா என்ன ஆகுமோங்கிற பயம் இருக்கத்தான செய்யும்? பயந்துக்கிட்டே நிக்கிறா, நகர மாட்டேங்கிறா. மாரிக்கனி சிரிச்சது வேற எனக்கு ஞாபகம் வந்துருச்சு. அவ மகளை இந்த வருஷம்தான் காலேஜ்ல சேத்திருக்கா.

சரி தொலையட்டும்னு உள்ள போனேன். "சார், அந்தப் படம் தவறுதலா வந்துருச்சு. ஆயுத பூஜைக்கு எடுத்தது"ன்னேன்.

பக்கத்துல ஒரு இருமல். இவதான்.

"ஆயுத பூஜைக்கு இல்ல சார். சும்மா எடுத்தது. மெஷின்லதான் செய்யிறோம். அதை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

"ஏம்மா அனுப்பினீங்க?"ன்னாரு. கோவமாக் கேக்கல.

என்ன சொல்ல? "கையால செஞ்சாத்தான் மதிப்புன்னு எழுதியிருந்தீங்களே சார்"ன்னேன். "மெஷினை ஓட்டுறதும் கைதான். புருசன் போன மறு வருஷம் நகையெல்லாம் அடகு வச்சு அந்த மெஷினைக் கோயமுத்தூர்ல போய் நான்தான் வாங்கிட்டு வந்தேன். லாரியில மெஷினோட நானும் உக்காந்து வந்தேன். அதை நிறுத்த வழி பாத்தா எங்க சார் போவாங்க அந்தப் பொம்பளைங்க? பிள்ளைங்க கடையில வந்து அப்பளம் குடுன்னுதான் சார் கேக்குதுக. நொறுக்குத் தீனி குடுன்னு ஒரு பிள்ளையாவது கேட்டிருந்தா அன்னைக்கே நான் வரி கட்டியிருப்பேன்."

அவர் படத்தை எடுத்து, "திரும்பப் பெற்றுக்கொண்டார்"னு எழுதி ஓரமா வச்சாரு. இவ மறுபடி எந்திரிச்சு விட்ட இடத்துல இருந்து பேசினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

உத்தரவு வந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு. இது அப்பளம் இல்லையாம். ஆனா நான் ஏமாத்தலையாம், நம்பித்தான் செஞ்சேனாம். அபராதம் இல்ல. பழைய வருஷம் இல்ல. கிட்டத்துல உள்ளதுக்கு மட்டும் கட்டினாப் போதும். தவணையில கட்டிக்கிட்டு இருக்கேன், கம்பெனி ஓடுது. அன்னைக்கு வேலை பாக்குற பொம்பளைங்க இவளுக்கு மாலை போட்டாங்க. எனக்கும் போட்டாங்க, ஆனா எனக்குச் சின்ன மாலை.

எனக்கு அதெல்லாம் பெருசில்லம்மா. என் அப்பளத்தை அப்பளம் இல்லைன்னு எழுதிட்டாங்களே! "அப்பீல் போ"ன்னேன். "போகலாம். தீர்ப்பாயமெல்லாம் இப்பப் புதுசா வந்திருக்கு, படிப்படியாப் போகலாம். ஆனா ஜெயிப்போம்னு வாக்குக் குடுக்க மாட்டேன்"ங்கிறா. வாக்குக் குடுக்க மாட்டாத வக்கீல் எனக்கு எதுக்கு? "வேற வக்கீல் பாத்துக்கிறேன்"னுட்டேன்.

பழைய வக்கீல் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் புது வக்கீல் எடுக்க முடியுமாம். மாடிக்குப் போய்க் கேட்டேன். அழுவா, சண்டை போடுவா, கெஞ்சுவான்னு பாத்தேன். உடனே போட்டுக் குடுத்துட்டா! கேஸ் காகிதத்தை எல்லாம் அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, அடுத்து வர்ற வக்கீல் எதை எதைப் பாக்கணும்னு தனியா எழுதி மேல வச்சு, "நல்லபடியா முடியட்டும்"னுட்டு அடுத்த கட்சிக்காரனைக் கூப்பிட்டுட்டா. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

இன்னைக்குத்தான் மதுரையில ஒரு பெரிய வக்கீலைப் பாத்துட்டு வர்றேன். ஆடிட்டர் சொல்லிவிட்ட ஆளு. நான் உக்காரவே இல்ல, "ஜெயிச்சுரலாம்மா"ங்கிறாரு. கேஸ் கட்டை அவிழ்க்கவே இல்ல. "அப்பளம்தான, எழுதி வாங்கிரலாம்." எனக்குச் சந்தோசம்தான். அப்புறம் சும்மா கேட்டேன், "ஒருவேளை அது அப்பளம் இல்லைன்னு எழுதி வாங்கணும்னா?" "அதையும் வாங்கிரலாம்மா"ங்கிறாரு! எனக்கு லேசா ஒரு மாதிரி ஆயிருச்சு. நமக்கு ஆமாம் போடுறவன் அந்தப் பக்கத்துக்காரன் கேட்டாலும் ஆமாம்தான போடுவான்?

அதோட விட்டாரா? "கையால செய்யிற படம் ஒண்ணு இருக்காமே, பொன்னுச்சாமி சொன்னான். அதை மறுபடி உள்ள நுழைச்சுரலாம்"ங்கிறாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "ஏங்க, பொய்யான படத்தையா குடுப்பீங்க? நீங்கெல்லாம் வக்கீலா?"ன்னு அவர் குமாஸ்தா எல்லாம் எட்டிப் பாக்குற மாதிரி கேட்டுட்டு, கட்டை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அந்தப் படமே கூடாதுன்னு ஆரம்பத்துல இருந்து சொல்லிட்டு இருக்கிறவ நான். என்ன பாக்குற? உங்கிட்ட அதைச் சொல்லலையா? சொல்ல விட்டுப் போச்சு போல.

இரு, போன் அடிக்குது. அவதான்.

"ம்... சொல்லுத்தா. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். மாத்திரை போட்டாச்சு... கோயிலுக்குத்தான் வந்தேன்... சரி, கோயிலுக்கு இல்ல, அந்த வக்கீல்ட்டதான்... இல்ல, வேணாம்னுட்டேன்... ஏன்னா வேணாம்னுட்டேன், விடேன். நீயே நடத்து... வாக்கெல்லாம் ஒண்ணும் வேணாம். தோத்தாலும் உன் வாயாலயே தோத்துக்கிறேன்... என்னது? அழுறியா? இல்லையா? பின்ன என்ன சத்தம் அது? மிக்ஸியா? சரி... ஆகட்டும்... ஆகட்டும்னு சொல்லிட்டேன்ல. வைக்கிறேன்."

கேட்டியா? மிக்ஸியாம். மிக்ஸி மூக்கையா உறிஞ்சும்?

மறுபடி எடுத்து நடத்துறாளாம். புதுசா ஒரே ஒரு நிபந்தனையாம்: இந்தக் கேஸ் முடியிற வரைக்கும் நான் ஆடிட்டர்ட்ட தனியாப் பேசக் கூடாதாம். நானும் ஆகட்டும்னுட்டேன். குடுத்த வார்த்தையை மீறுற பழக்கம் எனக்குக் கிடையாது.

படந்தால் விலக்கு தாண்டிருச்சு, சாத்தூர் வந்துருச்சு. அந்தப் பையை எடுத்துக் குடு தாயி. உங்கிட்ட ஒண்ணு கேக்குறேன், நீ படிச்ச பிள்ளை மாதிரி இருக்க. தனியாத்தான பேசக் கூடாதுன்னா? மாரிக்கனியைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் பேசினா, அது தனியா இல்லைல்ல?